குங்குமத்தில் தெரிந்த இரண்டு எழுத்து

விளக்கெண்ணெய் கருகினால் ஒரு வாசனை வரும். கொஞ்சம் தித்திப்பு, கொஞ்சம் காறல், மூக்கின் உச்சியில் ஏறி உட்கார்ந்துகொண்டு இறங்கவே மாட்டேன் என்று அடம்பிடிக்கிற வாசனை. என் வயதுக்காரர்களுக்கு விளக்கெண்ணெய் என்றதும், மூக்கைப் பிடித்து அண்ணாக்கவைத்து வாயில் ஊற்றப்பட்ட பேதி மருந்துதான் ஞாபகத்துக்கு வரும். எனக்கு மட்டும் முத்தியால்பேட்டையில் எங்கள் வீட்டு வாசலில் நின்ற ஒரு மோட்டார் சைக்கிள்தான் வரும். மற்ற வண்டிகளெல்லாம் கடையில் விற்கிற இன்ஜின் ஆயிலைக் குடித்துக்கொண்டிருக்க, அது மட்டும் செக்கில் ஆட்டிய விளக்கெண்ணெயைக் குடித்தது. "நாம குடிச்சா வயித்தால போவும், அது குடிச்சா காத்தா போவும்" என்பது அதன் சொந்தக்காரரான என் சித்தப்பாவின் வாக்கு.

அப்பாவின் தம்பி ராஜமாணிக்கம், எங்கள் ராஜு சித்தப்பா, ஊரில் இருந்த நூற்பாலை ஒன்றில் ஃபிட்டர். பிரெஞ்சுக்காரர்களின் கொடி இறங்கி மூன்று நான்கு வருஷம் ஆகியிருந்த சமயம் அது. நான் ஒன்பது பத்து வயதுச் சிறுமி. கடலூர்ப் பக்கத்து ஆலையொன்றில் வேலை பார்த்த வெள்ளைக்கார இன்ஜினியர் சீமைக்குத் திரும்பும்போது, ஆளைப் பிடித்து அவரைப் பிடித்து, அந்த வண்டியை வாங்கி வந்துவிட்டார் சித்தப்பா. அன்றிலிருந்து அவர் சாப்பிட்டது, தூங்கியது, சிரித்தது எல்லாம் அதற்குப் பக்கத்தில்தான். அம்மா அதற்குப் பீமன் என்று பெயர் வைத்தாள். கிளம்பும்போது அது போடும் சத்தத்தில் சமையலறைப் பலகையில் அடுக்கிய பித்தளைத் தட்டுகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும்.

வண்டி இங்கிலாந்தில் செய்தது. கம்பெனிப் பெயர் இங்கே எதற்கு? பழைய வண்டிகளைச் சேர்த்துவைத்துக் கொண்டாடுகிறவர்களுக்கு நான் சொல்லாமலே புரிந்துவிடும். பார்வைக்கு ஒரே மாதிரி சட்டம், ஒரே மாதிரி டாங்கிதான். ஆனால் அதற்குள் போட்ட இன்ஜினில் இரண்டு ரகம் உண்டு. ஒன்று ஆபீசுக்கும் சந்தைக்கும் போய்வருகிறவர்களுக்கான 'சாதா'. மற்றொன்று ஓட்டப் பந்தயத்துக்கென்று தனியாகப் பொறுக்கி, தனியாக இழைத்து, தனியாகச் சோதித்து அனுப்பிய 'ரேஸ்'. எங்களுடையது ரேஸ். இதைச் சித்தப்பா யாரிடமும் சும்மா சொல்லிவிட்டு விடமாட்டார். நிரூபித்துக் காட்டாமல் அவருக்குச் சோறு இறங்காது.

பால்காரர் வந்தாலும் சரி, மில்லில் கூட வேலை பார்க்கிறவர்கள் வந்தாலும் சரி, குனியவைத்துவிடுவார். சிலிண்டருக்கு அடியில், சங்கிலி ஓடுகிற பக்கத்தில், இரண்டு கட்டைவிரலை வைக்கிற அளவுக்குத் தட்டையாக ஓர் இடம் இருக்கும். இன்ஜின் நம்பர் அதில்தான் அடித்திருக்கும். அந்த நம்பரோடு ஜி, எஸ் என்று ஆங்கிலத்தில் இரண்டு எழுத்து கூடுதலாக இருந்தால் ரேஸ். "ஆனா எழுத்த மட்டும் நம்பிடக் கூடாது" என்று விரலை ஆட்டுவார். அடிப்பாகத்தை ஒரு வண்டியிலிருந்தும் மேல்பாகத்தை இன்னொரு வண்டியிலிருந்தும் எடுத்துப் பொருத்தி, ரேஸ் என்று நம் தலையில் கட்டிவிடுகிற புண்ணியவான்கள் அப்போதும் இருந்தார்கள். சாதாவின் சிலிண்டர் வார்ப்பிரும்பு, கறுப்புப் பெயிண்ட் அடித்திருக்கும். ரேசுக்கு அலுமினியம், வெளுப்பாக இருக்கும். கறுப்பைச் சுரண்டிவிட்டு இரும்பின் மேல் யாராவது வெள்ளிப் பெயிண்ட் பூசிவிட்டால் என்ன செய்வது? காந்தத்தை வைத்துப் பார்க்க வேண்டும். சிலிண்டரின் விசிறி மடிப்புகளில் காந்தம் ஒட்டிக்கொண்டால் இரும்பு, வழுக்கி விழுந்தால் அலுமினியம்.

காந்தத்துக்கு அவர் என்னைத்தான் கூப்பிடுவார். ஊமையாகிப்போன ரேடியோ ஒன்றின் ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய வட்டக் காந்தம் என்னிடம் இருந்தது. அதைக் கயிற்றில் கட்டி வைத்திக்குப்பத்துக் கடற்கரை மணலில் இழுத்துக்கொண்டு ஓடினால், கருமணல் மீசை மீசையாக வந்து ஒட்டும். அந்தக் காந்தத்தைச் சித்தப்பா வாங்கி முதலில் வீட்டு இரும்புத் தூணில் 'டொக்' என்று ஒட்டிக்காட்டுவார், பிறகு சிலிண்டரில் வைத்துக் கையை எடுப்பார், அது விழும். விழுந்த ஒவ்வொரு தடவையும் அவர் முகம் பூரித்துப்போகும். ஒரு சாமான் ஒட்டாமல் விழுவதற்கு இவ்வளவு சந்தோஷப்பட்ட மனிதரை நான் அதற்குப் பிறகு பார்த்ததில்லை.

அந்த வருஷம் மாசி மகத்துக்கு வைத்திக்குப்பத்துக் கடலோரத்தில் சாமிகள் தீர்த்தவாரிக்கு வந்து நின்றபோது, சித்தப்பா சாமியைப் பார்க்காமல் வேறெங்கோ பார்த்திருக்கிறார். அரியாங்குப்பத்திலிருந்து வந்திருந்த மரகதம் என்ற பெண். ஒரு வார்த்தை பேசவில்லை, ஆள் யார், எந்த வீடு என்று மட்டும் விசாரித்துக்கொண்டு வந்து, அடுப்படியில் அம்மாவுக்கு எதிரே சப்பணம் போட்டு உட்கார்ந்து, "அந்தப் பொண்ணுதான் அண்ணி. இல்லேன்னா எனக்குக் கல்யாணப் பேச்சே எடுக்காதீங்க" என்று சொல்லிவிட்டார். அம்மாவுக்கு உள்ளூரச் சிரிப்பு. பீமனைக் கட்டிக்கொண்டு காலம் தள்ளிவிடுவாரோ என்று பயந்துகொண்டிருந்தவள் அவள்.

அப்பா ஒரு தரகரை வைத்து விசாரித்தார். மரகதத்தின் தகப்பனார் கோவிந்தசாமி, பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்து இந்தோசீனாவெல்லாம் போய் வந்து பென்ஷன் வாங்குகிறவர். அப்படிப்பட்டவர்களை எங்கள் ஊரில் 'சொல்தா' என்போம். நெட்டுக்குத்தான ஆள், நரைத்த மீசை, எதைத் தொடங்கினாலும் "அலோர்..." என்று ஒரு பிரெஞ்சுச் சொல்லை முன்னால் நிறுத்திவிட்டுத்தான் தமிழுக்கு வருவார். குலம் கோத்திரம், நல்லது கெட்டது எல்லாம் பொருந்தியது. ஜாதகம்கூடப் பொருந்தியது. பொருந்தாமல் போனது பீமன் ஒருவன்தான்.

சொல்தாவின் மூத்த மகள் அஞ்சலையின் புருஷன் மோட்டார் மெக்கானிக். இதே கம்பெனி வண்டி, அதிலும் இதே ரேஸ் இன்ஜின் வைத்திருந்தார். நாலு வருஷத்துக்கு முன்னால், மாமனார் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை விருந்து சாப்பிட்டுவிட்டு டவுனுக்குத் திரும்பும்போது அரியாங்குப்பம் பாலத்தில் அடிபட்டுச் செத்துப்போனார். அப்போது விவரம் தெரியாத வயதில் இருந்த ஒரு பெண் குழந்தையோடு அஞ்சலை அப்பா வீட்டுக்கே வந்துவிட்டாள். அந்த வெள்ளைக்காரன் இன்ஜின்தான் என் மருமகனைத் தின்றது என்று சொல்தா சொல்லாத நாளில்லையாம். அதனால் அவர் தரகரிடம் ஒன்றே ஒன்று கேட்டு அனுப்பினார்: பையன் வைத்திருக்கிற வண்டி சாதாவா, ரேசா? சாதா என்றால் சம்மந்தம். ரேஸ் என்றால் இன்னொரு மகளையும் அதற்குப் பலிகொடுக்க அவர் தயாராக இல்லை.

வண்டியை விற்றுத் தொலைடா என்றார் அப்பா. விற்றுவிட்டுக் கட்டிக்கொண்டால், சண்டை வருகிறபோதெல்லாம் உனக்காகத்தானே விற்றேன் என்று அந்தப் பெண்ணிடம் சொல்லத் தோன்றும், அது பாவம் என்றார் சித்தப்பா. யோசித்துப் பார்த்தால் அதில் நியாயம் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அடுத்து அவர் செய்ததில் இல்லை. வண்டி சாதாதான் என்று தரகரிடம் கூசாமல் சொல்லி அனுப்பிவிட்டார். சொல்தா அதற்கு, ரொம்ப சந்தோஷம், வருகிற வெள்ளிக்கிழமை நேரிலேயே வந்து பார்த்துக்கொள்கிறேன் என்று பதில் அனுப்பினார்.

அந்த வாரம் எங்கள் வீட்டில் நடந்ததை இப்போது நினைத்தாலும் எனக்குச் சிரிப்பு அடங்குவதில்லை. பெண் பார்க்க வருகிறார்கள் என்றால் பெண்ணுக்குப் பவுடர் பூசி வெளுப்பாக்குவார்கள். எங்கள் வீட்டில் இன்ஜின் பார்க்க வருகிறார்கள் என்று, வெள்ளையாக இருந்ததைக் கறுப்பாக்கினார்கள். சித்தப்பா முதலில் விளக்கெண்ணெயை வடித்துவிட்டுக் கடை ஆயிலை ஊற்றினார், வாசனை காட்டிக்கொடுத்துவிடுமாம். பிறகு சிலிண்டரின் மடிப்புக்கு மடிப்பு பிரஷ்ஷை விட்டுக் கறுப்புப் பெயிண்ட் அடித்தார். நம்பர் இருந்த இடத்தில் கிரீஸையும் மண்ணையும் குழைத்து அப்பி, வருஷக்கணக்கான அழுக்குபோல விரலால் தேய்த்துவிட்டார். கடைசியாக என்னைக் கூப்பிட்டு, காந்தத்தை அவர்கள் போகிறவரை வெளியில் எடுக்கக் கூடாது என்று தலையில் கைவைத்துச் சத்தியம் வாங்கிக்கொண்டார். இத்தனையும் செய்துவிட்டு வண்டியைப் பார்த்து அவர் விட்ட பெருமூச்சு இருக்கிறதே, பெற்ற பிள்ளைக்கு மொட்டை போட்டவர் மாதிரி இருந்தது.

அவர் எல்லாவற்றையும் யோசித்தார், அம்மாவைத் தவிர. வெள்ளிக்கிழமை விடிந்ததும் சித்தப்பா கிணற்றடிக்குக் குளிக்கப் போன நேரம், வாசலில் சாணம் தெளித்துக் கோலம் போட்டு முடித்த அம்மா நிமிர்ந்து பீமனைப் பார்த்தாள். நல்ல காரியம் பேச வருகிறார்கள், அவர்கள் பார்க்கப்போவதே இந்த வண்டியைத்தான், இதில் இவ்வளவு அழுக்கா என்று அவளுக்குத் தாங்கவில்லை. மண்ணெண்ணெய் நனைத்த துணியால் அந்தத் தட்டையான இடத்தைப் பளபளவென்று துடைத்தாள். ஆயுத பூஜைக்குச் செய்வதுபோல் சந்தனம் தீற்றி, நடுவில் குங்குமத்தைக் கட்டைவிரலால் நன்றாக அழுத்திவைத்தாள். அப்புறம், பொட்டு கலைந்து ஈஷிக்கொண்டிருந்தால் அவளுக்குப் பிடிக்காதே, சுற்றிலும் முந்தானையால் ஒற்றியெடுத்தாள். மேலே இருந்ததெல்லாம் துணியோடு வந்துவிட்டது. அடித்திருந்த எழுத்துகளின் பள்ளத்தில் இறங்கிய குங்குமம் மட்டும் தங்கிவிட்டது. அம்மாவுக்கு ஆங்கில எழுத்து தெரியாது. திருப்தியாக உள்ளே போய்க் கேசரிக்கு ரவை வறுத்தாள்.

பத்து மணி பஸ்ஸில் அவர்கள் வந்தார்கள். சொல்தா, அவருக்குப் பின்னால் அஞ்சலை, அஞ்சலையின் கையைப் பிடித்துக்கொண்டு என் வயதில் ஒரு பெண், பூங்கொடி. அஞ்சலையைப் பார்த்ததும் அம்மாவின் முகம் மாறியதை நான் பார்த்தேன். நெற்றியில் ஒன்றும் இல்லாத ஒருத்தியைச் சம்மந்தம் பேசுகிற இடத்துக்கு அந்தக் காலத்தில் கூட்டிக்கொண்டு வரமாட்டார்கள், அவளே வரமாட்டாள். "நல்லது பேச வர்ற எடத்துக்கு..." என்று அம்மா அப்பாவின் காதில் முணுமுணுத்தாள். சொல்தாவுக்கே அது தெரிந்திருந்தது. குற்றம் நினைத்துக்கொள்ளக் கூடாது, இந்த இன்ஜினைப் பிரித்து மாட்டும்போது புருஷனுக்குக் கூடமாட இருந்து சாமான் கழுவிக் கொடுத்தவள் இவள்தான், எங்கள் வீட்டில் இதைப் பார்த்துச் சொல்லத் தெரிந்தது இவள் ஒருத்திதான் என்று கையைக் கூப்பினார். அஞ்சலை யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. வாசற்படி ஏறாமல், வண்டிக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டாள்.

கூடத்தில் தலைவாழை இலை போட்டு வைத்திருந்தது. கேசரி, வடை, இட்லி, தண்ணீர்ச் செம்பு எல்லாம் தயார். ஆனால் உட்காருங்கள் என்று யாரும் வற்புறுத்தவில்லை. எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம்: சம்மந்தம் முடிவாகாமல் பெண் வீட்டார் மாப்பிள்ளை வீட்டில் கை நனைக்க மாட்டார்கள். நனைத்துவிட்டால் பெண்ணைக் கொடுத்த மாதிரிதான். அதற்குப் பிறகு பேச்சு மாறினால் ஊர் சிரிக்கும். அதனால் அந்த இலைகள் அப்படியே விரித்துக் கிடக்க, எல்லோரும் வாசலில் பீமனைச் சுற்றி நின்றார்கள். எனக்கும் பூங்கொடிக்கும் அதற்குள் சிநேகம் ஆகிவிட்டது. சத்தியம் அவளுக்கு எதிரே செல்லாது என்று நானே தீர்மானித்துக்கொண்டு, கொல்லைப்புறத்தில் காந்தத்தைக் காட்டி, அதில் ஆணிகளைச் சங்கிலியாகத் தொங்கவிட்டு அவளை அசத்திவிட்டு வந்திருந்தேன்.

சித்தப்பா புது வேட்டி, நெற்றியில் விபூதியோடு நின்று, வண்டி சுத்த சாதா, மில்லுக்குப் போய்வரத்தான் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். சொல்தா கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வண்டியை ஒரு சுற்று வந்தார். கறுப்புச் சிலிண்டரைப் பார்த்ததும் அவர் முகம் கொஞ்சம் இளகியதுகூட. அப்புறம் சங்கிலிப் பக்கம் வந்து குனிந்தார். வெள்ளி போல் துடைத்திருந்த அந்த இடத்தில், சிவப்பு மையில் அச்சடித்ததுபோல் ஒவ்வோர் எழுத்தும் எண்ணும் நின்றிருந்தன. அவர் தம்முடைய பிரெஞ்சில் ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டே வந்தவர், அந்த இரண்டு எழுத்து வந்ததும் நிறுத்தினார். சித்தப்பா குனிந்து பார்த்தார். பார்த்துவிட்டு அம்மாவைப் பார்த்தார். அம்மாவோ, பொட்டு நன்றாக இருக்கிறதல்லவா என்கிற மாதிரி நின்றாள்.

சித்தப்பா லேசில் விடுகிற ஆள் இல்லை. ஊருக்கெல்லாம் தான் சொல்லிக்கொடுத்த பாடத்தையே திருப்பிப் போட்டார். எழுத்தை மட்டும் நம்பக் கூடாது, அடிப்பாகம் மட்டும் ரேஸ், மேலே சாதா சிலிண்டரைப் பொருத்தியிருக்கிறது, பாருங்கள், கறுப்பு, இரும்பு என்றார். சொல்தா தயங்கி மகளைத் திரும்பிப் பார்த்தார். அஞ்சலை அப்போதுதான் முதல் தடவையாக வாயைத் திறந்தாள். காந்தம் ஏதாவது இருக்குமா என்று கேட்டாள். இல்லை என்று நாங்கள் எல்லோரும் ஒரே குரலில் சொன்னோம். "அவகிட்ட இருக்குதும்மா, வட்டமா" என்று பூங்கொடி என்னைக் காட்டினாள்.

அஞ்சலை வண்டிக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். சிலிண்டரை உடனே தொடவில்லை. சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு நான் கொண்டுவந்து கொடுத்த காந்தத்தை மடிப்பில் வைத்துக் கையை எடுத்தாள். விழுந்தது. இன்னொரு மடிப்பில் வைத்தாள். அங்கேயும் விழுந்தது. கட்டைவிரல் நகத்தால் பெயிண்டை ஓர் ஓரத்தில் சுரண்டினாள். உள்ளே வெளேரென்று இருந்தது. எழுந்து, நகத்தில் ஒட்டியிருந்த கறுப்பைப் புடவையில் துடைத்துக்கொண்டு, "அவருதுங்கூட இதேதாம்ப்பா" என்றாள்.

சொல்தா தோளில் இருந்த துண்டை எடுத்து உதறிப் போட்டுக்கொண்டு, போய்வருகிறேன் என்று அப்பாவைப் பார்த்துக் கும்பிட்டார். அப்போதுதான் சித்தப்பா உடைந்துபோனார். எனக்கு வண்டி வேண்டாம், இன்றைக்கே விற்றுவிடுகிறேன், மரகதத்தைக் கொடுங்கள் என்று அவர் காலைத் தொடாத குறையாகக் கேட்டார். அந்த வண்டியை அவர் எப்படி வைத்திருந்தார் என்று தெரிந்த நான், அவரைப் பார்க்காமல் பீமனைப் பார்த்தேன்.

"அலோர்... வண்டிய விக்கலாம் தம்பி" என்றார் சொல்தா. "கறுப்பு பூசி ஏமாத்தப் பாத்தியே, அந்தப் பொய்ய எங்க கொண்டுபோய் விப்பே? பொய் சொல்றவன் வீட்டுல நான் பொண்ணு குடுக்க மாட்டேன்."

 அப்பா தலையைக் குனிந்துகொண்டார். சொல்தா தெருவில் இறங்கிவிட்டார். பூங்கொடி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். அஞ்சலை மட்டும் வண்டியை விட்டு நகரவில்லை.

"அப்டின்னா என்னயும் நீங்க வீட்ல வெச்சிருக்கக் கூடாதுப்பா" என்றாள். "நாலு வருசமா நானுந்தான் பொய் சொல்லிட்டு உங்க சோத்த தின்னுட்டு இருக்கேன்."

சொல்தா திரும்பினார். அவள் வண்டியின் டாங்கியில் கையை ஊன்றிக்கொண்டிருந்தாள். நிற்பதற்கு அது தேவைப்பட்டது என்று நினைக்கிறேன். குரலை உயர்த்தாமல் சொன்னாள்.

"வேகத்துல போயி சாவலப்பா அவரு. அன்னிக்கு நீங்க சாப்ட்டு உள்ள போயி படுத்துட்டீங்க. அவரால வண்டிய ஒதைக்கக்கூட முடியல. தெருப் பசங்க ரெண்டு பேரு தள்ளிவிட்டுத்தான் கெளம்பிச்சு. நானும் பாத்துக்கினுதான் நின்னேன். பாலத்துல மாட்டு வண்டி வேகத்துலதான் போனாராம், கோணக்கோணலா. பின்னால மீன் கூடையோட வந்த பொம்பள சொன்னா. இன்ஜினு ஒண்ணும் பண்ணலப்பா. அவரு குடிச்சிருந்தாரு."

அவ்வளவுதான் சொன்னாள். அதற்கு மேல் சொல்லத் தேவையில்லாமல் போயிற்று. அன்று விருந்துக்கு வந்த மருமகனைப் பக்கத்தில் உட்காரவைத்து, பென்ஷன் பணத்தில் வாங்கிய பிராந்தியைத் தம் கையாலேயே ஊற்றி ஊற்றிக் கொடுத்தவர் சொல்தாதான். இது எங்களுக்குப் பிற்பாடு தெரிந்தது. மருமகனைத் தின்றது தம் பிராந்திதான் என்று அவருக்கு அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது. சாவுக்குக் காரணம் இன்ஜின் என்று அவர் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிய, ஆமாம், ஆமாம் என்று தலையாட்டியே அஞ்சலை நாலு வருஷம் அவரைக் காப்பாற்றியிருக்கிறாள். தங்கச்சிக்கு ஒரு வாழ்வு வேண்டுமென்று, அந்நிய மனிதர்களின் வாசலில், பெற்ற பெண்ணும் கேட்டுக்கொண்டிருக்க, அன்று அதை எடுத்து எறிந்தாள்.

சொல்தா தெரு நடுவிலேயே நின்றார். நெட்டுக்குத்தாக இருந்த மனிதர் எப்படிச் சட்டென்று குள்ளமாகத் தெரிய முடியும் என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. ஒரு சைக்கிள்காரர் மணியடித்துப் பார்த்து, அவர் நகராததால் சுற்றிக்கொண்டு போனார். பேத்தியின் கையை விட்டுவிட்டு, மெதுவாக வந்து வாசற்படி ஏறினார். மகளைப் பார்க்கவில்லை. அப்பாவைப் பார்த்துக் கேட்டார்.

"கை கழுவத் தண்ணி எங்க இருக்குது?"

அப்பாவுக்குப் புரிய ஒரு கணம் ஆயிற்று. அம்மாவுக்கு உடனே புரிந்துவிட்டது. செம்பை எடுத்துக்கொண்டு ஓடி வந்தாள். ஓடி வந்தவள் சொல்தாவிடம் அதைக் கொடுத்துவிட்டு, அப்படியே வாசலில் இறங்கி, சற்று முன்பு யாரைப் பார்த்து முகம் சுளித்தாளோ அவள் கையைப் பிடித்து, "உள்ள வா அஞ்சல. கேசரி ஆறுது" என்றாள். அஞ்சலை உள்ளே வந்தாள்; இலையில் உட்கார்ந்தாள்; எல்லோருக்கும் முந்தி அவள்தான் கை நனைத்தாள். எல்லோரும் சாப்பிட்டோம். சித்தப்பா மட்டும் சாப்பிடாமல் பரிமாறிக்கொண்டே இருந்தார்; சொல்தாவின் இலையில் வடையாக வைத்துத் தள்ளினார்.

கிளம்பும்போது அஞ்சலை சித்தப்பாவிடம் ஒன்று சொன்னாள். "வண்டிய விக்காதீங்க தம்பி. அதுக்கு எவ்ளோ வேணா ஊத்துங்க. நீங்க ஒரு சொட்டு ஊத்திக்காதீங்க." சித்தப்பா அதைச் சாகிறவரைக்கும் காப்பாற்றினார். அக்கம்பக்கத்துத் தமிழ்நாட்டில் மதுவிலக்கு, எங்கள் ஊரில் மூலைக்கு மூலை கடை. கல்யாணம், கருமாதி, மில்லில் போனஸ் என்று எதற்கும் பாட்டில் உடைகிற ஊரில், அவர் சோடாக் கிளாசை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். கிண்டல் செய்தவர்களிடம், நம் வீட்டில் குடிக்கிற ஆள் வாசலில் நிற்கிறான் என்று பீமனைக் காட்டுவார்.

வைகாசியில் கல்யாணம் நடந்தது. மரகதம் சித்தி வந்து முதல் வேலையாகச் சிலிண்டரில் இருந்த கறுப்புப் பெயிண்டைத் தின்னர் வைத்துத் துடைத்தெடுத்தாள். சித்தப்பா அவளைப் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு மெதுவாகப் போகும்போது அந்த ரேஸ் இன்ஜின் மூச்சை அடக்கிக்கொண்டு நொண்டுவதைப் பார்க்கவே பரிதாபமாக இருக்கும். அவர் ஒரு தடவைகூட எந்தப் பந்தயத்திலும் ஓட்டவில்லை. சொல்தா அதற்குப் பிறகு பல வருஷம் இருந்தார். எங்கள் வீட்டுக்கு வருவார், போவார். அந்த வண்டியைப் பற்றி ஒரு பேச்சு அவர் வாயிலிருந்து வந்ததில்லை. அவர் வீட்டில் பிராந்திக் கண்ணாடிக் குவளைகள் இருந்த அலமாரியில் பூங்கொடியின் பள்ளிக்கூடப் புத்தகங்கள் ஏறின.

இப்போது அதில் எதுவும் இல்லை. முத்தியால்பேட்டை வீடு இருந்த இடத்தில் மூன்று மாடியில் யாரோ இருக்கிறார்கள். சித்தப்பா போன பிறகு வண்டியைப் பெங்களூரிலிருந்து ஒருவர் வந்து வாங்கிக்கொண்டு போனார். அவர் இன்ஜின் நம்பரைக் கைபேசியில் படம் பிடித்து எங்கோ அனுப்பி, பதில் வந்ததும், ஒரிஜினல்தான் என்று தலையசைத்தார். குனியவும் இல்லை, தொட்டுப் பார்க்கவும் இல்லை. அவசரமில்லாமல் ஒரு காப்பி குடித்துவிட்டுத்தான் போனார். சம்மந்தம் முடியாமல் கை நனைக்கக் கூடாது என்ற வழக்கமும் போய்விட்டது. இப்போது முதல் சந்திப்பே ஓட்டலில்தான் நடக்கிறது. சாராயக் கடைகள் மட்டும் ஒன்றுக்கு இரண்டாக அப்படியே இருக்கின்றன.

போன வருஷம் மரகதம் சித்தியின் பதினாறாம் நாள் காரியத்துக்குப் பூங்கொடி பிரான்சிலிருந்து வந்திருந்தாள். தாத்தா வழியில் கிடைத்த நேஷனாலிட்டியில் போனவள், அங்கேயே பேரன் பேத்தி எடுத்துவிட்டாள். அஞ்சலை காலமாகி ரொம்ப வருஷம் ஆகிறது. பந்தல் ஓரத்தில் இரண்டு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, இத்தனை காலமாகக் கேட்கத் தயங்கியதை அன்றைக்குக் கேட்டேன். அந்த வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டிலிருந்து திரும்பிப் போகும்போது உங்களுக்குள் என்ன பேசிக்கொண்டீர்கள் என்று.

"ஒண்ணும் பேசிக்கல" என்றாள். "பஸ்ஸு பாலத்து மேல ஏறனப்ப எங்கம்மா அழ ஆரம்பிச்சாங்க. எங்கப்பாவுக்காக அவங்க அழுது நான் பாத்தது அன்னிக்குத்தான் மொத தடவ. அது வரைக்கும் அழ நேரமில்ல, தாத்தாவுக்குத் தெரிஞ்சிடக் கூடாதுன்னு காவல் காக்கவே சரியா இருந்திச்சி."

"தாத்தா?" என்று கேட்டேன்.

"பக்கத்துலதான் உக்காந்திருந்தாரு. அவரும்தான்" என்றாள். "கண்டக்டரு ரெண்டு தரம் வந்து நின்னுட்டு, டிக்கெட்டு கேக்காமலே போயிட்டாரு."